புது சிவி ஆக்ஸில் வாங்கி வீட்டுலயே மாட்டி ஒரு வருஷம் ஆச்சு, இப்ப அது எங்க இருக்கு தெரியுமா

முதல்லயே சொல்லிடறேன், இதை எழுதற இந்த நிமிஷம் அந்த ஆக்ஸில், அதாவது முன் வீலை சுத்த வைக்கற, ரெண்டு முனையிலயும் வளையற ஜாயின்ட் வெச்ச ஷாஃப்ட், என் வண்டியில இல்ல. கராஜ் ஷெல்ஃப்ல பழைய பெட்ஷீட் சுத்தி ஸ்பேரா படுத்திருக்கு. வண்டியில ஓடிட்டிருக்கறது, எதை போச்சுன்னு கழட்டி ஓரமா போட்டேனோ அதே பழைய ஒரிஜினல் ஆக்ஸில்தான். அதனால இது பாதி ரிவ்யூ, பாதி என் மேலயே நான் போட்டுக்கற கேஸ்.

வண்டி டொயோட்டா டகோமா, ரெண்டாம் தலைமுறை, அதாவது 2005-லேருந்து 2015 வரைக்கும் வந்த மாடல், பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் (வேணும்போது மட்டும் நாலு வீலுக்கும் சக்தி போறது), முன்னாடி இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன். முன்பக்கத்தை ரெண்டரை இன்ச் தூக்கி வெச்சிருக்கேன், அந்த ரெண்டரை இன்ச்தான் இந்தக் கதைக்கே பிள்ளையார் சுழி.

டயர் ரொட்டேட் பண்ணலாம்னு ஒரு நாள் இடது முன் வீலை கழட்டினேன். ரிம்மோட உள்பக்கம் பூரா கறுப்பா பிசுபிசுன்னு கிரீஸ், கன்ட்ரோல் ஆர்ம் மேல, ஸ்பிரிங் மேல, பிரேக் ஹோஸ் மேல கூட, யாரோ தார் டப்பாவை சுத்தி விசிறின மாதிரி. டார்ச் அடிச்சுப் பார்த்தா அவுட்டர் பூட்ல, அதாவது ஆக்ஸிலோட வீல் பக்க ஜாயின்டை மூடி கிரீஸை உள்ள வெச்சிருக்கற மடிப்பு மடிப்பான உறையில, ரெண்டாவது மடிப்புக்கும் மூணாவது மடிப்புக்கும் நடுவுல வாயைப் பிளந்துகிட்டு நிக்குது. ஆனா சத்தம்? ஒண்ணும் இல்ல. காலியா இருந்த ஒரு பார்க்கிங் இடத்துல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் அடிச்சுப் பார்த்தேன், இடது பக்கம் ஒடிச்சேன், வலது பக்கம் ஒடிச்சேன், ஜாயின்ட் போயிருந்தா வர்ற அந்த டக் டக் டக் வரவே இல்ல. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா நான் வெச்சுக்கல.

அவுட்டர் ஜாயின்ட் எதுக்கு முதல்ல போகுதுன்னு புரியணும்னா அது என்ன வேலை பார்க்குதுன்னு தெரியணும். சாதாரண கிராஸ் ஜாயின்ட் இருக்கு பாருங்க, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ல வர்றது, அதை வளைச்சு சுத்தினா ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் ஏறி இறங்கும். ஸ்டியரிங் ஒடியற முன் வீலுக்கு அதை வெச்சா கை நடுங்கிடும். 1920-கள்ல ஆல்ஃபிரட் ர்செப்பான்னு ஒரு இன்ஜினியர் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார், ஆறு குண்டு, உள்ள ஒரு கிண்ணம், நடுவுல ஒரு கூண்டு, எவ்வளவு வளைச்சாலும் அந்த ஆறு குண்டும் கோணத்தை சரிபாதியா பிரிக்கற தளத்துலயே நிக்கும், அதனால உள்ள போற வேகமும் வெளிய வர்ற வேகமும் ஒண்ணு. கிட்டத்தட்ட அதே டிசைன்தான் இன்னிக்கும் நம்ம அவுட்டர் ஜாயின்ட். டிஃபரென்ஷியல் (ரெண்டு முன் வீலுக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கற கியர் பெட்டி, சுருக்கமா டிஃப்) பக்கம் இருக்கற இன்னர் ஜாயின்ட் வேற ரகம், மூணு ரோலர் வெச்ச டிரைபாட், அது வளையறதோட சேர்த்து உள்ள வெளிய வழுக்கும், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது நீளம் மாறணும் இல்லையா, அதுக்கு. ஸ்டியரிங் ஒடிக்கும்போது வளையறது பூரா அவுட்டர்தான், அதோட பூட்டுதான் தினமும் கசங்குது. வண்டியை தூக்கி வெச்சா நேரா போகும்போதே கோணம் ஜாஸ்தி, மடிப்பும் மடிப்பும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே சுத்தும், அப்புறம் கிழியாம என்ன பண்ணும். இன்னொண்ணு, இந்த வண்டியில வீலை ஆக்ஸில்லேருந்து பிரிச்சு விட கையால திருகற ஹப் லாக் கிடையாது, டூ வீல் டிரைவ்ல போனாலும் முன் ஆக்ஸில் ரெண்டும் வீலோட சேர்ந்து சுத்திக்கிட்டேதான் இருக்கும். அதனால "ஃபோர் வீல் போடாம ஓட்டினா ஒண்ணும் ஆகாது"ங்கற சமாதானம் எல்லாம் வேலைக்கு ஆகாது, கிழிஞ்ச பூட்டு கிரீஸை வெளிய துப்பிட்டு மண்ணை உள்ள இழுத்துக்கிட்டே இருக்கும்.

சரி, வாங்கின கதைக்கு வர்றேன். நாலு வழி இருந்துச்சு. கம்பெனி ஒரிஜினல் புதுசு. ரீமேனுஃபேக்சர்டு, அதாவது பழைய ஆக்ஸிலை கழட்டி தேய்ஞ்ச இடத்தை கிரைண்ட் பண்ணி கொஞ்சம் பெரிய குண்டு போட்டு திருப்பி விக்கறது, இதுக்கு நம்ம பழசை திருப்பிக் கொடுக்கணும். அப்புறம் ஆஃப்டர்மார்க்கெட் புதுசு, அதாவது வெளிக் கம்பெனி பண்ணினது. கடைசியா வெறும் பூட் கிட்டு. நான் மூணாவதை எடுத்தேன். காரணம் சோம்பேறித்தனம், வேற எதுவும் இல்ல. கழட்டு, புதுசை சொருகு, முடிஞ்சுது, கையில கிரீஸ் அப்பிக்காதுன்னு நினைச்சேன். கம்பெனி பேர் சொல்லப் போறதில்ல, ஏன்னா இதே மாதிரி பெட்டியில இதே மாதிரி ஆக்ஸில் பத்து பேர்ல வருது, எனக்கு வந்த ஒரு பீஸை வெச்சு ஒரு கம்பெனியை திட்டறது நியாயமும் இல்ல. இது புதுசுங்கறதால பழசை திருப்பிக் கேக்கல, அது என் அதிர்ஷ்டம், இல்லேன்னா இன்னிக்கு இந்தக் கதையே வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

பெட்டியை திறந்ததும் நல்லதாவே தோணுச்சு. ரெண்டு பக்க பல்லுக்கும் பிளாஸ்டிக் மூடி, புது ஆக்ஸில் நட்டு ஒண்ணு உள்ள, கறுப்பு பெயின்ட் பளபளன்னு. காட்டர் பின் (நட்டு கழலாம தடுக்கற சின்ன கம்பி) இல்ல, அதை தனியா தேடணும், சின்ன விஷயம்தான் ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அது இல்லேன்னா வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். ஸ்பிளைன் பல்லு எண்ணிப் பார்த்தேன், சரியா இருந்துச்சு. சில வண்டிகளுக்கு ஏபிஎஸ் பல் சக்கரம் ஆக்ஸில் மேலயே வரும், அப்படி வண்டி வெச்சிருக்கவங்க அதையும் இப்பவே பார்த்துக்கோங்க, மாட்டினதுக்கு அப்புறம் டேஷ்போர்டுல லைட் எரிஞ்சா அழுகைதான் வரும்.

பழசை கழட்டினப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்பதான் வித்தியாசம் கண்ணுல பட்டுச்சு. பழசுல இன்னர் ஜாயின்ட் கப்புக்கு பின்னாடி ஆயில் சீலை மூடற மாதிரி ஒரு தகடு வளையம் அடிச்சு ஏத்தியிருந்துச்சு, மண்ணு தண்ணி சீல்ல நேரா அடிக்காம தடுக்கறதுக்கு. புதுசுல அந்த வளையமே இல்ல. சீல் உதடு உக்கார்ற இடத்துல விரல் நகத்தை வெச்சு இழுத்துப் பார்த்தேன், பழசுல கண்ணாடி மாதிரி வழுக்குது, புதுசுல கடைசல் கோடு நகத்துல லேசா தட்டுப்படுது. பூட்டை கிள்ளிப் பார்த்தா பழசு கெட்டியான பிளாஸ்டிக் மாதிரி, அழுத்தினா திமிறிக்கிட்டு பழைய ஷேப்புக்கு வருது, புதுசு சாதா ரப்பர், மெத்துன்னு. இதெல்லாம் பார்த்தேன். பார்த்துட்டும் மாட்டினேன். வண்டி ஜாக்ல நிக்குது, பழசை கழட்டியாச்சு, மணி நாலு, அந்த நேரத்துல மனுஷன் எதையும் நம்ப ரெடியா இருப்பான்.

அந்த தகடு வளையத்தை மட்டும் பழசுலேருந்து மெதுவா சுத்தி சுத்தி தட்டி எடுத்து புதுசுல ஏத்தினேன். அன்னிக்கு நான் பண்ணின ஒரே புத்திசாலித்தனம் அதுதான். ஆனா அதுவும் கொஞ்சம் லூசா உக்காந்துச்சு, அப்பவே புரிஞ்சிருக்கணும் அளவு எங்கயோ இடிக்குதுன்னு.

மாட்டற வேலை பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இந்த ரிவ்யூ படிக்கறவங்க முக்கால்வாசி பேர் வீட்டுலயே பண்ணலாமான்னுதான் பார்க்கறீங்க. பண்ணலாம். முதல் தடவை எனக்கு ஆறு மணி நேரம், ரெண்டாவது தடவை ரெண்டரை மணி நேரம். அந்த மூணரை மணி நேரம் எங்க போச்சுன்னு சொல்றேன்.

முதல்ல நட்டு. 35 மிமீ சாக்கெட், இது சாதாரண செட்ல வராது, முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. நடு மூடியை சின்ன உளி வெச்சு சுத்தி சுத்தி தட்டினா வரும், ஒரே இடத்துல அடிச்சா கோணிக்கும், என்னுது கோணிக்கிச்சு. காட்டர் பின்னை எடுத்து, அதுக்கு அடியில கிரீடம் மாதிரி இருக்கற தொப்பியை எடுத்தா நட்டு தெரியும். முக்கியம், இதை வீல் தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணணும், வீட்டுக்காரம்மாவை உள்ள உக்கார வெச்சு பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு நீளமான பிரேக்கர் பார், அதுக்கு மேல ஒரு இரும்பு பைப்பு. நான் புத்திசாலியாட்டம் வண்டியை தூக்கிட்டேன், அப்புறம் நட்டைத் திருப்பினா வீலும் கூட சுத்துது, திருப்பி இறக்கி, திருப்பி ஆரம்பிச்சு, அதுலயே முக்கால் மணி நேரம். "இன்னும் எவ்வளவு நேரம் மிதிச்சுக்கிட்டே இருக்கணும், அடுப்புல பால் வெச்சிருக்கேன்"னு உள்ளேருந்து குரல் வருது, பைப்புல நான் தொங்கிக்கிட்டிருக்கேன், அந்த நேரம் பார்த்து படார்னு ஒரு சத்தம், எலும்புதான் முறிஞ்சுதுன்னு நினைச்சேன், நட்டு லூசாச்சு. நட்டை முழுசா கழட்டிட்டு வண்டியை உருட்டவோ அந்த வீல் மேல வெயிட்டை ஏத்தவோ கூடாது, ஹப் பேரிங்கை சேர்த்துப் பிடிச்சிருக்கறதே அந்த நட்டு இறுக்கம்தான், அது இல்லாம வெயிட் விழுந்தா பேரிங் கெட்டுடும், அப்புறம் இன்னொரு ரிவ்யூ எழுத வேண்டி வரும்.

ஜாக்கியை மட்டும் நம்பி கையை உள்ள விடாதீங்க, சேஸிஸுக்கு அடியில ஸ்டாண்டு போட்டு, பின் வீலுக்கு கட்டை கொடுத்து, வண்டியை ஒரு தடவை தோளால இடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் உள்ள போங்க. இடது பக்கத்தை மட்டும் நல்லா உயர தூக்கினா டிஃப் ஆயில் வலது பக்கமா சாஞ்சுடும், ஆக்ஸிலை உருவும்போது ஒரு கரண்டி அளவுதான் சிந்தும், ஆயிலை வடிக்கவே வேண்டாம். இது நல்ல ஐடியாதான், ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ரெண்டு பக்க சஸ்பென்ஷனையும் இணைக்கற கம்பி, ஸ்வே பார், முறுக்கிக்கிட்டு நிக்கும், நக்கிளை (வீல் ஹப்பைத் தாங்கற இரும்புப் பாகம்) நம்ம இழுக்கற பக்கம் வர விடாது. நான் அரை மணி நேரம் நக்கிளோட மல்லுக்கட்டினேன், கடப்பாரை போட்டு நெம்பினேன், கெட்ட வார்த்தை எல்லாம் வந்துச்சு. என் பொண்ணு டார்ச் புடிச்சுக்கிட்டு நின்னவ, "அப்பா, இந்தக் கம்பி ஏன் வளைஞ்சு இருக்கு, அந்தப் பக்கம் நேரா இருக்கே?"ன்னு கேட்டா. ஸ்வே பார் லிங்க். ஒரு நட்டு. கழட்டினதும் நக்கிள் பூனைக்குட்டி மாதிரி வந்துச்சு.

மத்தபடி ஸ்டியரிங்கை நக்கிளோட இணைக்கற டை ராட் என்டை விடுவிச்சு, பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் வயர் பிராக்கெட் ரெண்டையும் கழட்டி, கேலிப்பரை ஒரு கம்பியில ஸ்பிரிங்கோட கட்டித் தொங்கவிட்டு (ஹோஸ்ல தொங்க விடாதீங்க, தயவு செஞ்சு), கீழ் பால் ஜாயின்டைப் பிடிச்சிருக்கற ரெண்டு போல்ட்டை எடுத்தா போதும், பால் ஜாயின்டை தட்டி எடுக்க வேண்டிய வேலையே இல்ல. ஆக்ஸில் முனையை ஹப்லேருந்து தள்ளும்போது நட்டை முனையோட சமமா ரெண்டு மரை ஏத்தி வெச்சுட்டு கொட்டாப்புளியால தட்டுங்க, இரும்பு சுத்தியலால நேரா அடிச்சா மரை பூத்துடும்.

உள்பக்கம்தான் சூட்சுமம். டிஃப் உள்ள ஆக்ஸிலை பிடிச்சிருக்கறது ஒரு மெல்லிசு கம்பி வளையம், சர்க்கிளிப், அவ்வளவுதான். நாம என்ன பண்ணுவோம், ஷாஃப்டை ரெண்டு கையால பிடிச்சு இழுப்போம். இழுத்தா சர்க்கிளிப் வராது, இன்னர் ஜாயின்ட்ல இருக்கற டிரைபாட் கப்பை விட்டு பூட்டுக்குள்ளயே கழண்டு வரும். இழுக்க வேண்டியது ஷாஃப்டை இல்ல, கப்பை. கப்புக்கும் டிஃப் கேஸிங்குக்கும் நடுவுல நெம்புகோலை வெச்சு, மெதுவா நெம்பறதை விட, வெடுக்குன்னு ஒரு நெம்பு. சீல் மேல கம்பி படாம. வரலேன்னா ஆக்ஸிலை கால் சுத்து திருப்பிட்டு திரும்ப ஒரு நெம்பு. எனக்கு மூணாவது தடவை டப்புன்னு வந்துச்சு.

புதுசை மாட்டும்போது சர்க்கிளிப்போட வாய் கீழ பார்க்கற மாதிரி வெச்சு, புது ஆயில் சீல் உதட்டுல கிரீஸ் தடவி, பல்லு சீல்ல கீறாம நேரா பிடிச்சு, உள்ள போய் தட்டுப்பட்டதும் கப்புல ஒரு தட்டு. க்ளிக்னு உக்காரணும். இதுவும் இந்த புது ஆக்ஸில்ல முரண்டு பிடிச்சுது, அவங்க கொடுத்த சர்க்கிளிப் கொஞ்சம் விரிஞ்சு இருந்துச்சு, நாலஞ்சு தடவை ஆகி கடைசியில பழைய ஆக்ஸிலோட சர்க்கிளிப்பை எடுத்து மாட்டினேன், முதல் தட்டுல உக்காந்துச்சு. இறுக்கம் எல்லாம் டார்க் ரெஞ்ச்லதான்: ஆக்ஸில் நட்டு 235 நியூட்டன் மீட்டர், கீழ் பால் ஜாயின்ட் போல்ட்டு 160, டை ராட் என்ட் 91, வீல் நட்டு 113. இது என் மாடலுக்கு, உங்க வண்டிக்கு உங்க மேனுவலைப் பாருங்க. சில வண்டிகள்ல ஆக்ஸில் நட்டு ஒரு தடவை யூஸ்தான், உதட்டை மடக்கி லாக் பண்றது, அதை திருப்பி மாட்டவே கூடாது.

இப்ப ஓட்டின அனுபவம். முதல் நாள் சந்தோஷம். மூணாவது நாள் ஹைவே ஏறினேன், 55 மைல் வேகத்துல ஃப்ளோர்ல ஒரு கிர்ர்ர், 60-ல கால்ல தெரியுது, 70 தாண்டினா குறையுது. ஸ்டியரிங் ஆடல, சீட்டும் ஆடல, ஃப்ளோர் மட்டும். உடனே ஆக்ஸில் மேல பழி போடல, அந்த அளவுக்கு நியாயஸ்தன்தான். நாலு வீலும் பேலன்ஸ் பண்ணினேன், அப்படியே இருந்துச்சு. எல்லா போல்ட்டும் திரும்ப டார்க் பார்த்தேன், சரியா இருந்துச்சு. அப்புறம் இந்த வண்டிகளுக்குன்னே ஒரு பிரபலமான வியாதி இருக்கு, டகோமா, எஃப்ஜே க்ரூஸர், ஃபோர் ரன்னர் வெச்சிருக்கவங்களுக்கு தெரியும், டிஃப் உள்ள இடது ஆக்ஸிலைத் தாங்கற நீடில் பேரிங் தளர்ந்தா இதே வேகத்துல இதே மாதிரி அதிரும். அதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி, ஃபோர் வீல் டிரைவ் போட்டா அதிர்வு நின்னுடும். காய்ஞ்ச ரோட்டுல பார்ட் டைம் ஃபோர் வீல் போடறது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கற பெட்டி) நல்லதில்ல, அதனால மழை பெஞ்சு ரோடு நனைஞ்சு இருந்த ஒரு நாள் நேர் ரோட்டுல போட்டுப் பார்த்தேன். நிக்கல. அப்படியே கிர்ர்ர். அப்ப நீடில் பேரிங் இல்ல, ஆக்ஸில்தான்.

இதோட மூணு மாசம் ஓட்டினேன், பழகிடும்னு. பழகலை, பாட்டு சத்தத்தை கூட்டி வெச்சுக்க பழகிச்சு. அப்புறம் ஒரு நாள் கீழ குனிஞ்சா டிஃப் இடது பக்க ஓரத்துல ஈரம். ஆயில் சீல் கசியுது. புது சீல், உதட்டுல கீறல் விழாம நான் பார்த்துப் பார்த்து போட்டது. விரல்ல தட்டுப்பட்ட அந்த கடைசல் கோடு ஞாபகம் வந்துச்சு. கோடு இருக்கற உலோகம் சீல் உதடு மேல மணிக்கணக்கா சுத்தினா அரம் வெச்சு ராவற மாதிரிதானே.

அப்பதான் மூலையில கிடந்த பழைய ஆக்ஸிலை எடுத்து மேஜை மேல வெச்சேன். இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதறேன். டொயோட்டாவுல அவுட்டர் ஜாயின்ட் ஷாஃப்டை விட்டு கழட்டற மாதிரி வராது, அவுட்டர் பூட்டு மாத்தணும்னாலும் இன்னர் பக்கம் பிரிச்சு அந்த வழியாத்தான் உருவி எடுக்கணும். இன்னர் கிளாம்ப்பை வெட்டி, கப்பு, டிரைபாட், ஷாஃப்ட் மூணுலயும் ஒரே நேர்ல பெயின்ட் புள்ளி வெச்சுட்டு, கப்பை உருவி, ஸ்னாப் ரிங்கை எடுத்து, பித்தளைக் கட்டையால டிரைபாடை தட்டினா வந்துடும், ரோலர் மூணையும் டேப் சுத்தி வெச்சுக்கோங்க, அதுல ஊசி ஊசியா இருக்கற நீடில் கீழ கொட்டினா எண்ணவே முடியாது. அப்புறம் அவுட்டரை மண்ணெண்ணெய்ல ஊற வெச்சு, பிரஷ் போட்டு, பிரேக் கிளீனர் அடிச்சு, மூணு தடவை. கறுப்புத் தண்ணி போய் வெள்ளைத் தண்ணி வந்ததும் ஜாயின்டை முழுசா ஒரு பக்கம் ஒடிச்சேன், குண்டு வெளிய எட்டிப் பார்த்துச்சு. ஆறு குண்டையும் ஒவ்வொண்ணா அப்படி வெளிய கொண்டு வந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நாலு குண்டு கண்ணாடி. ரெண்டு குண்டுல மங்கலா ஒரு பட்டை, நகத்தை வெச்சா தட்டுப்படல. குண்டு ஓடற பள்ளத்துல குழி இல்ல, கூண்டுல விரிசல் இல்ல. ஆக மொத்தம் அந்த ஜாயின்டுக்கு ஒண்ணுமே ஆகல. கிழிஞ்சது பூட்டு மட்டும்தான். சத்தம் வரலையேங்கற அந்த தகவலை அன்னிக்கே கேட்டிருந்தா இந்த பெட்டியே வீட்டுக்கு வந்திருக்காது.

பூட் கிட்ல ரெண்டு பாக்கெட் கிரீஸ், கறுப்பு அவுட்டருக்கு, இன்னொண்ணு இன்னருக்கு, மாத்திப் போடாதீங்க, ரெண்டு ஜாயின்டும் உரசற விதம் வேற. கிரீஸை பூட்டுக்குள்ள மட்டும் பிதுக்கினா பத்தாது, குண்டுக்கு பின்னாடி போற வரைக்கும் ஜாயின்ட் உள்ள அழுத்தி ஏத்தணும், பாதி ஜாயின்ட்ல பாதி பூட்ல. கிளாம்ப்புக்கு தனி குறடு இருக்கு, அது இல்லாம சாதா கட்டிங் பிளேயர்ல முயற்சி பண்ணி ஒரு கிளாம்ப்பை வீணாக்கினேன். கிளாம்ப் இறுக்கறதுக்கு முன்னாடி சின்ன ஸ்க்ரூ டிரைவரை பூட்டு உதட்டுல விட்டு உள்ள அடைஞ்ச காத்தை வெளியேத்திடுங்க, இல்லேன்னா பூட்டு உப்பியோ சப்பியோ நிக்கும். கை முழங்கை வரைக்கும் கறுப்பு, பாத்ரூம் சோப்பு கறுப்பு, டவல் கறுப்பு, அதுக்கு வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டது தனி.

மாட்டி ஏழு மாசம் ஆகுது. 60 மைல்ல கிர்ர்ர் இல்ல. இன்னொரு புது சீல் போட்டதுல டிஃப் ஓரம் காய்ஞ்சு இருக்கு. கழட்டினது கழட்டினேன்னு டிஃப் ஆயிலையும் மாத்திட்டேன், 75டபிள்யூ-90 ஜிஎல்-5, ஒன்றரை லிட்டருக்கு பக்கமா பிடிச்சுது. வடிக்கறதுக்கு முன்னாடி ஊத்தற பிளக் கழலுதான்னு பார்த்துக்கோங்க, ஆயிலை வடிச்சுட்டு அப்புறம் மேல் பிளக் கழலலேன்னா வண்டியை நகர்த்தவே முடியாது.

சரி, ஆஃப்டர்மார்க்கெட் ஆக்ஸிலுக்கு மார்க். பொருத்தம் 10-க்கு 7, போய் உக்காந்துச்சு, சர்க்கிளிப் தகராறுக்கு மூணு குறைச்சேன். பூட்டு 5, மூணு நாலு மாசத்துலயே மடிப்பு ஓரம் பளபளப்பு போய் உரசின தடம் தெரிஞ்சுது, தூக்காத வண்டியில இன்னும் நல்லா உழைக்கலாம். சீல் உக்கார்ற இடத்தோட ஃபினிஷிங் 2, அதுவும் கோபம் தணிஞ்சப்புறம். அதிர்வு பத்தி மார்க்கே போடல, அது தெரியாம இன்னும் மூணு வருஷம் ஓட்டறவங்களும் இருப்பாங்க, எனக்கு தெரிஞ்சு போச்சு, அதான்.

யாருக்கு சரிப்படும்? ஜாயின்ட் நிஜமாவே போயிருந்து, வட்டம் அடிக்கும்போது டக் டக்குன்னு கேக்குது, இல்ல ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது இன்னர்ல தூக்கித் தூக்கிப் போடுது, வண்டியை நாளைக்கு எடுத்தே ஆகணும், அப்ப இதை வாங்கலாம், தப்பில்ல. காட்டுப் பாதையில போறவங்க ஸ்பேரா பின்னாடி போட்டுக்க இது ரொம்ப சரி, நானும் அதுக்குத்தான் வெச்சிருக்கேன், நட்டு, காட்டர் பின், 35 சாக்கெட் மூணையும் அதே பெட்ஷீட்டுக்குள்ள கட்டி வெச்சுட்டேன். ஆனா பூட்டு மட்டும் கிழிஞ்சிருக்கு, சத்தம் இல்ல, போன மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னா, அந்த ஒரிஜினலை தூக்கிப் போடாதீங்க. ரீமேனுஃபேக்சர்டு வாங்கறவங்களும் பழசைக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கழுவிப் பாருங்க. நல்ல பழசைக் கொடுத்துட்டு சுமாரான புதுசை வாங்கிட்டு வர்றோமான்னு அப்பதான் தெரியும்.

போன வாரம் வலது பக்கம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், அவுட்டர் பூட்ல அதே ரெண்டாவது மடிப்புல மெல்லிசா வெடிப்பு ஆரம்பிச்சிருக்கு, இன்னும் கிரீஸ் வெளிய வரல. பூட் கிட்டு ஆர்டர் போட்டாச்சு, வியாழக்கிழமை வருது. கூடவே ரெண்டு பழைய டவலும் தனியா எடுத்து வெச்சாச்சு.